'மருந்து கேக்கலை சார்!'

போன வருஷம் ஐப்பசி மாதம். பெரம்பலூர் மாவட்டத்தில் நான் வேலை பார்க்கும் வட்டாரத்தில் மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு நின்ற நேரம். காலையில் அலுவலகம் திறப்பதற்கு முன்பே ஒரு பெரியவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் புழு அரித்த குருத்து.

"படைப்புழு சார். போன வருஷம் அடிச்ச அதே மருந்துதான். இதோட மூணு தடவை அடிச்சுட்டேன். மருந்து கேக்கலை சார்" என்றார்.

என்னுடைய 28 வருஷ சர்வீஸில் இதை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேனோ தெரியாது. இதற்கென்று மனப்பாடமாக ஒரு பேச்சு வைத்திருக்கிறேன். யாரைக் கேட்டு வாங்கினீர்கள்? கடைக்காரர் கொடுத்தார். என்ன அளவில் கலந்தீர்கள்? மூடி கணக்கு. புழு எந்தப் பருவத்தில் இருந்தது? பார்க்கவில்லை. பிறகு நான் ஆரம்பிப்பேன். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சாகிற புழு செத்துவிடும், தாங்குகிற புழு தங்கிவிடும், அதன் வாரிசுக்கும் அந்தத் தாங்கும் சக்தி வரும் என்பேன். நான் கோவையில் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர்கள் சொன்ன கதையையும் சேர்த்துக்கொள்வேன். 1980-களின் கடைசியில் ஆந்திராவில் பருத்திக் காய்ப்புழுவுக்கு சிந்தெடிக் பைரித்ராய்டு மருந்துகள் கேட்காமல் போய், அடித்துக்கொண்டே இருந்த விவசாயிகள் கடனில் மூழ்கிய கதை அது.

அன்றைக்கும் அந்தப் பெரியவரிடம் அத்தனையும் சொன்னேன். வேறு ரகத்தைச் சேர்ந்த மருந்தை எழுதிக் கொடுத்து, சாயங்கால நேரத்தில் குருத்துக்குள் படும்படி அடிக்கச் சொல்லி அனுப்பினேன்.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது என் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பத்தில் நாலு தீர்ந்திருந்தது. எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்தது இல்லை. நானே மருந்துக் கடையில் போய் நின்று கேட்டு வாங்கியது.

நானும் கடையில்தான் கேட்டேன்

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தொப்புளைச் சுற்றி ஒரு வலி. குமட்டல். மத்தியானம் ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டிருந்தேன், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். தெருமுனை மருந்துக் கடையில், "வயித்துவலிக்கு நல்லதா ஒண்ணு குடுங்க தம்பி" என்றேன். வலி மாத்திரையும், ஆன்டிபயாடிக் மாத்திரை ஓர் அட்டையும் கொடுத்தார். அந்த மாத்திரையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது அதையே கடையில் கேட்கக்கூடும்.

திங்கள்கிழமை வலி குறைந்தது. செவ்வாய் காலை மாத்திரையோடு நிறுத்திக்கொண்டேன். 'கேட்டுருச்சு' என்று எனக்குள் ஒரு திருப்தி. மக்காச்சோளப் பெரியவர் வந்தது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை வலி திரும்பி வந்தது. இந்தத் தடவை வலது பக்க அடிவயிற்றில். இருமினால் வலித்தது, பைக் பள்ளத்தில் இறங்கினால் உயிர் போனது. எங்கள் அம்மாவுக்கு 80 வயது. "குடலேத்தமா இருக்கும் தம்பி, எண்ணெய் போட்டு வழிச்சு விடுறேன், ராத்திரி வெளக்கெண்ணெய் குடிச்சுட்டுப் படு" என்றார். வழித்தும் விட்டார். என் மனைவி மட்டும், "என்னங்க, இது சரியாப் படலை, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். விளக்கெண்ணெயைக் கொடுக்க அவள் விடவில்லை. அதற்கு இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்கிறேன்.

வியாழன் விடியற்காலை வலி சட்டென்று குறைந்தது. நல்லாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி குளிர் நடுக்கம், காய்ச்சல், வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. திருச்சிக்குக் காரில் கூட்டிப் போனார்கள்.

தேங்கிய தண்ணீரை வடிக்காமல்

ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியிருந்தது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ஒரு பெண். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க சார்?" என்று கேட்டார். சட்டைப் பையைத் தடவி அட்டையை எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். "யார் எழுதிக் குடுத்தது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

அன்றைக்கே அறுவை சிகிச்சை. குடல்வாலை எடுத்து, சீழை உறிஞ்சி, வயிற்றுக்குள் ஒரு குழாயும் வைத்தார்கள். மறுநாள் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உள்ளே சீழ் கட்டி நிக்கும்போது எவ்வளவு பெரிய ஆன்டிபயாடிக் குடுத்தாலும் முழுசா கேக்காது சார். சீழுக்குள்ளே மருந்து சரியாப் போய்ச் சேராது. முதல்ல அதை வெளியே எடுக்கணும். மருந்து அதுக்குத் துணைதான். நீங்க வீட்டுலேயே சாப்பிட்ட மாத்திரையும் வலி மாத்திரையும் நோயைத் தீர்க்கலை. அறிகுறியைக் கொஞ்சம் மறைச்சு வச்சிருக்கு. அதுல நாள் போயிடுச்சு."

இது எனக்குப் புரியாத விஷயமா? வேரழுகல் வந்த தோட்டத்துக்குப் போனால் நான் முதலில் சொல்வது என்ன? தண்ணீர் தேங்கி நிற்கிறது, வடிகால் எடுங்கள், பிறகு மருந்து ஊற்றலாம் என்பதுதான். சேற்றில் நிற்கிற செடிக்கு எந்த மருந்தை ஊற்றினாலும் வீண். இதை ஊருக்கெல்லாம் சொல்கிறவன், என் வயிற்றுக்குள் என்ன தேங்கி நிற்கிறது என்று பார்க்காமலே மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எஸ், ஆர் என்று இரண்டு எழுத்து

அறுவை சிகிச்சையின்போது எடுத்த சீழில் கொஞ்சத்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இதற்குக் கல்ச்சர் என்று பெயர். சீழில் இருக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்தெந்த மருந்துக்கு அது சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்ப்பார்கள். நாம் மண் பரிசோதனை செய்து உரம் போடுகிற மாதிரிதான். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். நோயாளியை அதுவரை மருந்தில்லாமல் வைத்திருக்க முடியாது என்பதால், பல வகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்தை முதலில் போடுகிறார்கள். முடிவு வந்ததும், அந்தக் கிருமிக்கு எது போதுமோ அதற்கு மாறுகிறார்கள்.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. கிருமி ஈ.கோலி. நம் எல்லோர் குடலிலும், ஆடு மாடு கோழி குடலிலும் இருப்பதுதான். குடலுக்குள் இருக்கிறவரை பெரும்பாலும் தொந்தரவு இல்லை. குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் வந்துவிட்டால்தான் வினை. அறிக்கையில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் எஸ் என்று இருந்தால் அந்த மருந்து கேட்கும். ஆர் என்று இருந்தால் கேட்காது.

நான் கடையில் வாங்கிச் சாப்பிட்ட மருந்துக்கு நேரே ஆர்.

"நாலு மாத்திரையிலேயா இப்படி ஆகும்?" என்று கேட்டேன். "இந்த நாலுன்னு சொல்ல முடியாது சார். இதுக்கு முன்னாடி எத்தனை தடவை சளிக்கும் காய்ச்சலுக்கும் இப்படி வாங்கிச் சாப்பிட்டிருப்பீங்க? நீங்க சாப்பிடாட்டியும் தண்ணி வழியா, சாப்பாடு வழியா இந்தக் கிருமி வந்து குடல்ல தங்கலாம். ஒவ்வொரு தடவை மருந்து உள்ளே போகும்போதும் பலவீனமானது செத்துப்போகும், தாங்குறது தங்கிடும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெரியவரிடம் நான் சொன்ன அதே வாக்கியம். கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிட்டேன்.

நாலு நாளில் நிறுத்தினார்

கல்ச்சர் வந்த அன்றே பெரிய மருந்தை நிறுத்திவிட்டு வேறு மருந்து போட்டார் டாக்டர். நாலு நாள் முடிந்ததும், "ஆன்டிபயாடிக் போதும், நிறுத்திடலாம்" என்றார். எனக்குத் திக்கென்றது. காய்ச்சல் போய்விட்டது, கஞ்சி குடிக்கிறேன், எல்லாம் சரிதான். ஆனால் இவ்வளவு பெரிய வியாதிக்கு நாலே நாளா? "இன்னும் ஒரு வாரம் போட்டுடலாமே டாக்டர், பாதுகாப்புக்கு" என்றேன்.

அவர் கட்டில் ஓரத்தில் நின்று பொறுமையாகச் சொன்னார். 2015-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வயிற்றுக்குள் சீழ் பிடித்து, அது முறையாக வெளியே எடுக்கப்பட்ட 518 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்குச் சுமார் 4 நாள் மட்டும் ஆன்டிபயாடிக். இன்னொரு பிரிவுக்குக் காய்ச்சல் முதலான அறிகுறிகள் எல்லாம் போய் மேலும் இரண்டு நாள் வரை கொடுத்திருக்கிறார்கள். அது சுமார் 8 நாள் வந்தது. மறுபடி சீழ் பிடித்தது, புண்ணில் தொற்று, இறப்பு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டு பிரிவிலும் நூற்றுக்குச் சுமார் 22 பேர்தான். கூடுதல் நாள் கொடுத்ததால் கூடுதல் பலன் இல்லை.

"எல்லாருக்கும் நாலு நாள்னு அர்த்தம் இல்லை. சீழை முழுசா எடுக்க முடியாதவங்களுக்கும், ரத்தத்துல கிருமி கலந்தவங்களுக்கும் கூட நாள் தேவைப்படும். அதை நாங்க பார்த்து முடிவு பண்ணுவோம். உங்களுக்கு இது போதும்" என்றார்.

'பாதுகாப்புக்கு ஒரு தடவை' என்கிற வார்த்தையை நான் வயலில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! புழு இல்லை, நோய் இல்லை, பக்கத்து வயல்காரர் அடிக்கிறார், நாமும் ஒரு டேங்க் அடித்து வைப்போம் என்பார்கள். அது காசுக்கும் கேடு, நன்மை செய்யும் பூச்சிகளுக்கும் கேடு என்று சண்டை பிடித்திருக்கிறேன். என் உடம்பு என்று வந்ததும் நானே 'ஒரு டேங்க்' கேட்டேன். நம் குடலில் உள்ள நல்ல கிருமிகள்தான் வயலில் உள்ள பொறிவண்டு மாதிரி. தேவையில்லாமல் மருந்து போனால் அவையும் அழிகின்றன.

பக்கத்துக் கட்டில்

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்ன வெங்காய விவசாயி. அறுபது வயதைத் தாண்டியவர். பித்தப்பையில் சீழ் பிடித்து வந்தவர். சீழை எடுத்தும் அவருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. அவருடைய கல்ச்சர் அறிக்கையை அவர் மகன் என்னிடம் காட்டி, படித்துச் சொல்லச் சொன்னார். மேலிருந்து கீழே வரை ஆர், ஆர், ஆர். கடைசியில் இரண்டு மருந்துக்கு மட்டும் எஸ்.

அந்த இரண்டில் ஒன்று கொலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. அதனால் தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவருடைய சம்சாரம் காதில் இருந்ததைக் கழற்றி மகனிடம் கொடுத்ததை நான் பார்த்தேன். விதை வெங்காயம் வாங்க வைத்திருந்த பணம் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. நான் வீடு திரும்பிய பிறகும் அவர் இரண்டு வாரத்துக்கு மேல் அங்கேதான் இருந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பட்டத்தில் அவர் காட்டில் வெங்காயம் இல்லை.

அவர் என்ன தப்புச் செய்தார் என்று யாரும் கேட்க முடியாது. மருந்து கேட்காத கிருமி, அவரவர் செய்த தப்புக்கு மட்டும் வருவதில்லை. ஒரு வயலில் எதிர்ப்புத் திறன் பெற்ற புழு பக்கத்து வயலுக்கு அனுமதி கேட்டா போகிறது?

கொலிஸ்டின் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. மனிதர்களுக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் அந்த மருந்தை, கோழிகள் சீக்கிரம் எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன்களுக்கு அதைத் தடை செய்தது.

என் சீட்டில் நான் எழுதியது

கோழிப்பண்ணைக்காரர்களைச் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. டெல்டாவில் வேலை பார்த்த வருஷங்களில், நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் வந்தால், ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் சேர்ந்த மருந்தை காப்பர் ஆக்சிகுளோரைடோடு கலந்து அடிக்கச் சொல்லி நானே சீட்டு எழுதியிருக்கிறேன். அப்போது அது துறையின் பரிந்துரை. ஆனாலும் அந்த இரண்டும் மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் என்பதை நான் யோசித்ததே இல்லை. இவற்றைப் பயிருக்குப் பயன்படுத்தத் தடை விதிக்கும் வரைவு ஆணையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது.

இப்போது அதே நோய்க்கு நான் சொல்வது வேறு. தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். நாற்றின் நுனியைக் கிள்ளி நடாதீர்கள். நோய் வந்த வயல் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள். நோய் தெரிந்ததும் 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டித் தெளித்து, 15 நாள் கழித்து இன்னொரு தடவை தெளியுங்கள்.

என்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்னது

வேலைக்குத் திரும்பிய பிறகு கிராமக் கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நான் மனுஷ வைத்தியன் இல்லை. டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தருகிறேன்.

ஒவ்வொரு வயிற்றுவலிக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியுமா சார்?

வேண்டாம். ஆனால் வலி தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு இறங்கினால், நடந்தாலும் இருமினாலும் வலித்தால், வலியோடு காய்ச்சலோ விடாத வாந்தியோ இருந்தால், வயிறு இறுகினால், காற்றும் மலமும் போகாமல் உப்பினால் அன்றைக்கே போய்விடுங்கள். எண்ணெய் போட்டு வழிப்பது, விளக்கெண்ணெய் கொடுப்பது இரண்டும் கூடாது. கடும் வலி திடீரென்று நின்றாலும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் வேண்டாமா?

தண்ணீராகப் போகும் சாதாரண வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் முதல் மருந்து. குழந்தைகளுக்கு அதோடு துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பார்கள். ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் இருந்தாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

எது ஆன்டிபயாடிக் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அட்டையின் பின்பக்கம் பாருங்கள். மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. இந்தக் கோட்டைப் பற்றி 2016-லிருந்து அரசாங்கமே விளம்பரம் செய்கிறது. நான் வாங்கிய அட்டையிலும் அந்தக் கோடு இருந்தது. திருப்பிப் பார்க்கவில்லை.

நல்லானதும் பாதியில் நிறுத்தலாமா? அல்லது இன்னும் நாலு நாள் சேர்த்துச் சாப்பிடலாமா?

இரண்டையும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். எழுதிய எண்ணிக்கையை மட்டும் அட்டையிலிருந்து வெட்டித் தரச் சொல்லி வாங்குங்கள். மிச்சம் இருந்தால்தானே அடுத்த தடவை நாமாகவே எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றும்?

மாட்டுக்கு மடிநோய் வந்தால் பக்கத்து வீட்டில் மிச்சம் இருக்கும் ஊசியைப் போடலாமா?

கூடாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முடிந்தால் பாலைப் பரிசோதித்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துப் போடச் சொல்லுங்கள். மருந்து போட்ட பிறகு அவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், வீட்டிலும் குடிக்காதீர்கள், கன்றுக்கும் விடாதீர்கள்.

மார்கழி கடைசியில் அந்த மக்காச்சோளப் பெரியவர் மறுபடி வந்தார். வேறு மருந்து அடித்ததில் புழு கட்டுப்பட்டு, கதிர் பரவாயில்லாமல் வந்திருந்தது. "நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தீங்கன்னு சொன்னாங்களே சார், என்ன ஆச்சு?" என்று விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தபோது என் பையில் அந்த அட்டை இருந்ததையும் மறைக்காமல் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, "அன்னைக்கு எனக்குச் சொன்னதுல பாதியை உங்களுக்கே சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பீங்களே சார்" என்றார்.

ஆறு மாத்திரை மிச்சமிருக்கும் அந்த அட்டை என் மேசை இழுப்பறையில் பூட்டி இருக்கிறது. 'மருந்து கேக்கலை' என்று யாராவது வந்தால் முதலில் அதை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன்.